தொட்டியைத் துடைத்தவள்

மனிதன் இதுவரை செய்த பொருள்களிலேயே பேய் புக வழியில்லாதது ராக்கெட் ஒன்றுதான் என்பது முத்துமணியின் கண்டுபிடிப்பு. இதை அவன் விளையாட்டாகச் சொல்வதில்லை. வீட்டில் பேய் இருக்கலாம். எத்தனை கரண்டி கிடக்கிறது என்று வீட்டுக்காரிக்கே தெரியாத இடம் அது. அரசு அலுவலகத்தில் இருக்கலாம். இருந்தால் அதற்கும் வருகைப் பதிவேட்டில் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ராக்கெட்டில் முடியாது. அங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் உண்டு, அதை முடுக்கியவன் பெயர் உண்டு, முடுக்கியதைப் பார்த்தவன் பெயர் உண்டு, உள்ளே ஒரு தலைமுடி கிடந்தால் அது யார் தலையிலிருந்து உதிர்ந்தது என்று மூன்று பக்க அறிக்கை உண்டு. எண் இல்லாத பொருள் உள்ளே இருக்க அனுமதி இல்லை. பேய்க்கு எண் இல்லை. ஆகவே பேய் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவன் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் முதல் பாடமே இதுதான். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவனும் சிரிக்க மாட்டான்.

ஆயுத பூஜை அன்று பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கின் ஆக்சிஜன் தொட்டிக்குள் கருநீல விளக்கை நீட்டிப் பார்த்தபோது, எண் இல்லாத பொருள் ஒன்று உள்ளே இருந்தது.

ஒரு கைத்தடம்.

தொட்டி படுக்கை வசத்தில், தாங்கிகளின் மேல், ஒரு பெரிய மருந்துக் குளிகை போலக் கிடந்தது. நாலு மீட்டர் நீளம். உள்ளே ஆள் மண்டியிட்டு நகரலாம், நிமிர முடியாது. ஒரு முனையில் மட்டும் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மேன்ஹோல். சாதாரண வெளிச்சத்தில் அதன் அலுமினியச் சுவர் முகம் பார்க்கும் கண்ணாடி. கருநீல விளக்கில் மட்டும் எண்ணெய்ப் பசை எங்கிருந்தாலும் வெளிறி ஒளிரும். ஏவுதளத்தில் திரவ ஆக்சிஜன் வந்து நிறையப் போகிற தொட்டி என்பதால், ஒரு விரலின் எண்ணெய் போதும், மொத்தமும் வெடித்துக் கடலில் விழ. அதனால்தான் உள்ளே போகிறவர் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, இரட்டைக் கையுறை, முகமூடி. வெறுங்கையால் அங்கே யாரும் எதையும் தொட்டிருக்க முடியாது.

தடம் சின்னது. இடது கை. மோதிர விரலில் ஒரு கணு குறைவு.

முத்துமணி விளக்கை அணைத்தான். மறுபடி போட்டான். நீண்ட கழியின் முனையில் ஸ்பிரிட் நனைத்த துணியைச் செருகி உள்ளே விட்டு, ஊசி போடும் முன் நர்ஸ் தேய்க்கும் அந்த வாசனை முகமூடியைத் தாண்டி மூக்கில் ஏற ஏற, மூன்று முறை துடைத்தான். போய்விட்டது. பெருமூச்சு விட்டு விளக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.

அதே தடம். ஒரு அடி தள்ளி.

அதையும் துடைத்தான். அடுத்தது இன்னும் ஒரு அடி உள்ளே இருந்தது.

"என்னா தம்பி, முடியலியா?" என்றார் பின்னால் நின்ற திம்மராயன். சூளகிரிப் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர், ஷெட்டில் உதவியாளர். கிளீன் ரூம் உடுப்பில் எல்லாரும் ஒரே மாவு உருண்டை. கண் மட்டும் தெரியும், நெஞ்சில் எண் தெரியும். அவர் இருபத்திரண்டு. முத்துமணி ஒன்பது.

"துணி சரியில்லண்ணே. கோடு விழுது."

பொய். கோவில்பட்டியிலிருந்து ஓசூர் வந்த இந்த ஆறு வருடத்தில் அவன் கற்றுக்கொண்ட வித்தைகளில் ஒன்று, பொய்யை அளவான வாக்கியத்தில் சொல்வது.

பதினான்காம் எண் மாதேஸ்வரியுடையது. இருபத்து நான்கு வயது. இங்கே வருவதற்கு முன் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் அவள் மோதிர விரலின் ஒரு கணுவை எடுத்துக்கொண்டது. ஒல்லியான உடம்பு, மேன்ஹோலுக்குள் மீன் மாதிரி நுழைந்துவிடுவாள். அதனால் தொட்டிக்குள் துடைக்கிற வேலை எப்போதும் அவளுக்குத்தான்.

மேன்ஹோலுக்கு எதிரே சுவரில் டோக்கன் போர்டு. உள்ளே போகிறவர் தன் எண் பொறித்த வில்லையைப் பச்சைப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். வெளியே வந்ததும் அவரே திருப்பி மாட்ட வேண்டும். அடுத்தவர் வில்லையைத் தொடக்கூடாது. போர்டு முழுக்கப் பச்சையாக இருந்தால்தான் மூடியை முடுக்கி, உள்ளே நைட்ரஜனைத் திறப்பார்கள். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டாது. சந்தோஷமாகத் தூங்கவைத்துவிடும்.

போன வருடம் மார்ச்சில், டீ மணி அடித்து எல்லாரும் கிளம்பியபின், பதினான்கு சிவப்பில் தொங்கியதை முத்துமணி பார்த்தான். டீக்கு ஓடுகிற அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தான். உள்ளே எட்டிப் பார்க்கக் குனிய வேண்டும். குனியவில்லை. ஒரு விரலால் அந்த வில்லையைப் பச்சைக்குத் தள்ளினான். அவ்வளவுதான். அவன் செய்தது அந்த ஒரு விரல் வேலைதான்.

அவள் சாவு பற்றிய விசாரணையில், "நான் பாக்கும்போது பச்சையிலதான் சார் இருந்துச்சு" என்றான். அறிக்கை, மாதேஸ்வரி தன் டோக்கனை மாற்றாமலே உள்ளே போனதாக முடிந்தது. அவள் பெயர் பாதுகாப்பு வகுப்பின் ஏழாவது படத்தில் ஏறியது: 'மாதேஸ்வரி செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.' அந்த வகுப்பை நடத்தும் பொறுப்பு, மேலாளர் ராஜசேகரின் நல்ல எண்ணத்தால், முத்துமணிக்கே வந்தது. அந்தப் படம் வரும்போது அவன் ஒரு இடைவெளி விட்டுச் சொல்வான்: "மூடியத் திறந்தப்ப கையில துணி. உசுரு போகுது, இந்தம்மா செவுத்தத் தொடைச்சிட்டுக் கெடந்துருக்கு. வேலையில அக்கறை இருக்கலாம். அறிவும் கொஞ்சம் இருக்கணும்." அங்கே மட்டும் எல்லாரும் சிரிப்பார்கள்.

"உள்ள போயித்தான் தொடைக்கணும்" என்றான் இப்போது.

"இன்னிக்கா? பூஜ போட்ட சாமான இன்னிக்கித் தொடக் கூடாதுப்பா. நாளிக்கிக் காத்தால எடுக்கலாம்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு டிரெய்லர் வந்துரும்ணே. நீங்க ஆயுதத்துக்கு லீவு குடுங்க, ராக்கெட்டுக்கு யாரு குடுப்பா?"

காலையில் பூஜை நடந்தது கிளீன் ரூமுக்கு வெளியே. குங்குமம் உள்ளே வந்தால் அதற்கும் மூன்று பக்க அறிக்கை எழுத வேண்டும் என்பதால், கருவிகளையெல்லாம் வெளியே கொண்டுபோய், பிளாஸ்டிக் விரிப்பில் அடுக்கி, பொரி கடலை வைத்துக் கும்பிட்டார்கள். போல்ட் முடுக்கும் டார்க் ரெஞ்சுக்குப் பொட்டு. கருநீல விளக்குக்குப் பொட்டு. இடுப்பில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டருக்கு, அதன் முகத்தில் மூன்று விரல் சந்தனம், திம்மராயன் கையால், தாராளமாக. பூஜை முடிந்து எல்லாரும் ஆப்பிளும் ஸ்வீட் பாக்ஸுமாகக் கிளம்பியபின் முத்துமணி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தான். ஏவுதளத்துக்குப் போகும் எட்டுப் பேர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. இன்று மாலைக்குள் தொட்டி மூடிய படிவத்தில் கையெழுத்து விழாவிட்டால், ஏழு பேர்.

திம்மராயன் காற்று ஊதும் குழாயை மேன்ஹோலுக்குள் விட்டார். ஊதுவான் உறுமத் தொடங்கியது. அவர் நகராமல் நின்றார்.

"தம்பி. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அந்தப் பொண்ணு பேர அந்தப் படத்துலர்ந்து எட்த்துடு. நல்ல நாளு. இன்னிக்கி எட்த்துடு."

"கம்பெனி போட்டதுண்ணே அது."

"அவ டோக்கன மறக்கிறவ இல்லப்பா. என்னுதே நான் மறந்தா அவதான் திட்டுவா. 'யோவ் மாமா, உசுரு மேல ஆசயில்லியா'ன்னு கேப்பா." முகமூடிக்கு மேலே அவர் கண்கள் அவனையே பார்த்தன. "அவங்கம்மா இன்னிக்கி வரிக்கும் கேக்குது, எம்பொண்ணு அவ்ளோ முட்டாளான்னு. நடந்தது இன்னான்னு உனக்குத் தெரியும். சொல்லிடு. ரெண்டு வார்த்த."

"தெரிஞ்சத விசாரணையில சொல்லிட்டேன்."

"சரி" என்றார் திம்மராயன். "சரிப்பா."

முத்துமணி போர்டுக்குப் போனான். ஒன்பதாம் எண் வில்லையை எடுத்துச் சிவப்பில் மாட்டினான். ஒரு முறை தட்டிப் பார்த்தான். இன்னொரு முறை. ஆணியில் உறுதியாகத் தொங்கியது. பதினான்காம் ஆணி காலி. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஆணி மட்டும் கைபட்டுத் தேய்ந்ததுபோலப் பளபளத்தது.

பார்க்காததுபோல வந்தான்.

கருநீல விளக்கோடு உள்ளே நுழைந்ததும் உலகத்தின் சத்தம் மாறியது. ஊதுவானின் உறுமல் நாலு பக்கமும் மோதிக் காதுக்குள்ளேயே சுரந்தது. தன் மூச்சு தனக்கே எதிரே இருந்து வந்தது. முழங்கால் நகரும் ஒவ்வொரு தடவையும் உடுப்பின் தாள்துணி, பக்கத்தில் இன்னொருவர் சேலையைச் சரிசெய்வதுபோலச் சரசரத்தது. முதல் தடம் இரண்டாம் மீட்டரில். துடைத்தான். அடுத்தது மூன்றாம் மீட்டரில். துடைத்தான். கடைசி வளைவில், அவன் முகத்துக்கு நேராக, அடுத்தது. இது கொஞ்சம் வேறு. விரல்கள் விரிந்து, அழுத்தி, இழுத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன.

கையில் இருந்த துணி தீர்ந்தது.

"அண்ணே! புதுப் பாக்கெட் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, ஸ்டோர்லருந்து!"

தொட்டிக்குள் ஆள் இருக்கும்போது காவல் நிற்பவர் மேன்ஹோலை விட்டு நகரக்கூடாது. அவன் வகுப்பில் நாலாவது படம். திம்மராயன் ஒரு கணம் தயங்கியது தெரிந்தது. பிறகு அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து, காற்றுத்திரைக் கதவு உஸ்ஸென்று திறந்து மூடியது.

முத்துமணி காத்திருந்தான். இடுப்பு மீட்டர் இருபது புள்ளி ஒன்பது காட்டியது. நல்ல காற்று. எல்லாம் சரி.

வெளியே ஒரு சத்தம்.

டிங்.

மெல்லிய உலோகம் ஆணியில் விழும் சத்தம். வில்லைச் சத்தம். ஆறு வருடமாகக் கேட்கிற சத்தம்.

"யாரு?"

ஊதுவான் நின்றது.

அமைதி அவ்வளவு திடீரென்று வந்ததில் காது வலித்தது. குழாய், பாம்பு புற்றுக்குத் திரும்புவதுபோல, மெதுவாக மேன்ஹோல் வழியாக வெளியே இழுபட்டுப் போனது. வட்ட வெளிச்சத்தில் ஒரு வெள்ளை உடுப்பு குறுக்கே நடந்தது. நெஞ்சில் எண். ஒன்பது.

அவன் எண்.

முழங்காலைத் திருப்பினான். வழுக்கியது. முகவாய் சுவரில் மோதியது. காற்றுத்திரைக் கதவு உஸ்ஸென்றது. செருப்புச் சத்தம் வந்தது. திம்மராயன்.

"அண்ணே!" என்று கத்த வாயைத் திறந்தான்.

"தேவையில்லண்ணே, முடிஞ்சிருச்சு" என்றது அவன் குரல். வெளியே இருந்து. கோவில்பட்டிக் குரல், அளவான குரல். "போர்டு பச்சை. மூடிருங்க."

"அதுக்குள்ள வந்துட்டியா" என்றார் திம்மராயன்.

முத்துமணி கத்தினான். அதே நேரம், மதில் சுவருக்கு அந்தப் பக்கத்து வார்ப்பட ஆலையில் பூசணிக்காய் உடைத்தார்கள் போலிருக்கிறது, பம்பை எழுந்தது. பத்துப் பேர் அடிக்கிற பம்பை. தகரக் கூரை அதிர்ந்தது. அவன் கத்தல் தொட்டியைச் சுற்றி வந்து அவன் வாய்க்கே திரும்பியது. கைகளால், முழங்காலால், வயிற்றால் நகர்ந்தான். வட்டம் பிறையானது. பிறை கீற்றானது.

இருட்டு.

இருபத்து நான்கு போல்ட். வரிசையாக அல்ல, எதிரெதிராக முடுக்க வேண்டும். ஒருவர் எண் சொல்ல வேண்டும், ஒருவர் முடுக்கிப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

"ஒண்ணு" என்றது அவன் குரல்.

"ஆச்சு."

"பதிமூணு."

"ஆச்சு."

கையுறையைப் பிய்த்து எறிந்தான். மூடியைக் குத்தினான். அறைந்தான். வெறுங்கையால், இரண்டு கையாலும்.

"ஏழு."

பதில் வரவில்லை.

"தம்பி" என்றார் திம்மராயன், பம்பை கொஞ்சம் தாழ்ந்த இடைவெளியில். "உள்ள சத்தம் கேக்குதுப்பா."

முத்துமணியின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த வாக்கியம் அவனுக்குத் தெரியும். போன வருடம் மார்ச்சில், டீ குடித்துவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டே அவன் சொன்னது. விசாரணையில் யாரும் கேட்காதது. திம்மராயனும் பயந்துபோய்ச் சொல்லாமல் விட்டது.

"அலுமினியம் ஆறுதுண்ணே. அப்படித்தான் தட்டும். சோலியப் பாருங்க."

பக்கத்து ஆலையில் பம்பை மறுபடி ஏறியது. வெளியே நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, மிக மெதுவாக, "ஏழு. ஆச்சு."

அந்த 'ஆச்சு'வில் என்ன இருந்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்பிக்கையா. வேறா. யோசிக்க நேரம் இல்லை. பத்தொன்பது. ஆச்சு. நாலு. ஆச்சு. ஒவ்வொரு ஆச்சுவுக்கும் டார்க் ரெஞ்சின் டக். அறைந்தான். நகம் பிய்ந்தது. அறைந்தான்.

"நான்தான் தள்ளுனேன்! டோக்கன நான்தான் தள்ளுனேன்! மாதேசு! நான்தான்மா!"

இருபத்து நான்கு. ஆச்சு.

வால்வு திருகும் சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு வருவதற்குச் சத்தம் கிடையாது.

மீட்டரைப் பிடித்து முகத்தருகே வைத்தான். இருபது புள்ளி ஒன்பது. இருபது புள்ளி ஒன்பது. விளக்கை அதன்மேல் அடித்தான். உணரியின் சல்லடைத் துளைகள் அத்தனையிலும் சந்தனம் காய்ந்து, பூசி மெழுகியதுபோல அடைத்திருந்தது. மேலே துடைத்தவன் துளையைப் பார்க்கவில்லை. குனிந்து பார்க்க வேண்டிய இடம்.

இருபது புள்ளி ஒன்பது.

சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. மார்பில் இருந்த கல் கரைந்தது. பயம் எங்கே வைத்தோம் என்று தெரியாத சாவிபோலத் தொலைந்தது. கை கால் இதமாக இருந்தது. இவ்வளவு சத்தம் எதற்கு, என்று தோன்றியது. எவ்வளவு அழுக்கு.

அழுக்கு.

கருநீல வெளிச்சத்தில் மூடி முழுக்க அவன் கைத்தடங்கள். பெரிய கைகள். ஒன்றின்மேல் ஒன்று, வெளிறி, ஒளிர்ந்து. விரல் விரிந்து, அழுத்தி, இழுத்துக்கொண்டு இறங்கியவை. இதோடு தொட்டி போனால் ஏவுதளத்தில் என்ன ஆகும். நாளைக்குத் திறந்து பார்த்தால் ராஜசேகர் என்ன சொல்வார். மூன்று பக்கம் எழுத வேண்டும்.

அப்போது புரிந்தது. தட்டிய தடம் ஒன்றுகூட அன்று உள்ளே ஏன் இல்லை என்று. அவள் தட்டவே இல்லை என்று அறிக்கை ஏன் சொன்னது என்று. கையில் துணி ஏன் இருந்தது என்று.

முத்துமணி தரையில் தடவினான். பழைய துணி ஒன்று கிடைத்தது. இன்னும் ஈரம் இருந்தது. மண்டியிட்டு, அமைதியாக, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், வகுப்பில் சொல்லித்தருகிற முறைப்படி, தன் கைத்தடங்களைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஒன்று போனது. இன்னொன்று போனது.

விளக்கு மங்கியது. கண்ணாடிச் சுவரில் ஒரு வெள்ளை உடுப்பு அவனைப் போலவே மண்டியிட்டிருந்தது. அதன் கையுறை இல்லாத இடது கை, மோதிர விரலில் ஒரு கணு குறைந்த கை, துணி எதுவும் இல்லாமல், அவன் துடைத்து முடித்த ஒவ்வொரு இடத்தையும் இன்னொரு முறை தடவிச் சரிபார்த்துக்கொண்டே, அவன் முகத்தை நோக்கி மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தது.